உன் மகளுக்கு வண்டி பார்த்தோம்

என் செல்லத் தம்பி செல்லப்பா,

உன் பெயரில் இரண்டு புள்ளி. இரண்டையும் விடாமல் வைத்துவிட்டேன், பார்த்தாயா? இந்த வயதில் எழுத்துப் படித்து நான் எழுதுகிற முதல் கடிதம் உனக்குத்தான். கை மெதுவாகத்தான் போகிறது. ஆனாலும் யாரையும் எழுதித் தரச் சொல்லவில்லை. படிக்கிறவர்கள் படிக்கட்டும், எனக்கு வெட்கமில்லை.

சேதி இதுதான். உன் பெண்டாட்டி சரசு வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு ஒடிந்துவிட்டது. ஆட்டோ குலுக்கலைத் தாங்க மாட்டாள். நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்கு வாராவாரம் போய் நடை பழக வேண்டும், இல்லாவிட்டால் இனிப் படுக்கைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மருமகன் துபாயில். அதனால் உன் மகள் சுஜா கார் ஓட்டப் படிக்கிறாள். அவளுக்கு ஏற்ற பழைய வண்டி பார்ப்பது என் பொறுப்பாயிற்று. லாரி ஓட்டிய நீ போய்விட்டாய். காளை வண்டியைத் தவிர நான் எதை ஓட்டியிருக்கிறேன்?

அமரவிளை மெக்கானிக் ராஜனையும் சுஜாவையும் கூட்டிக்கொண்டு முதலில் பொழியூருக்குப் போனோம். வெள்ளை வண்டி, பளபளவென்று நின்றது. எனக்குப் பார்த்தவுடன் பிடித்துவிட்டது. ராஜன் அடியில் படுத்து விரலால் குத்தினான். விரல் உள்ளே போய்விட்டது.

"மாமா, மேல பாத்தா கல்யாண மாப்பிள்ளை. அடியில கடல்காத்து தின்னு ஒண்ணும் பாக்கியில்ல."

அடுத்தது உதியன்குளங்கரையில், ஒரு டீச்சர் வீட்டில். சின்ன வண்டி. சுற்றிலும் கீறல். ஆனால் சுஜா உட்கார்ந்ததும் முன்பக்கம் முழுக்கக் கண்ணுக்குத் தெரிந்தது, எட்டி மிதிக்காமல் கிளச்சுக்குக் கால் எட்டியது. அன்று முதல்முறையாக அவள் முகம் தெளிந்தது.

"பேடிக்காண்டாம் மோளே, பயமே வேண்டாம். நான் ஓட்டிப் படிச்ச வண்டியாக்கும். உரசாத இடம் எங்கயாவது பாக்கியிருந்தா நீ உரசிக்கோ" என்றார் டீச்சர்.

"ஏத்தத்துல நிறுத்தி எடுத்துப் பாக்கணும். கைபிரேக் பிடிச்சாத்தான் இந்த வண்டி" என்றான் ராஜன். அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். நான் ஏற்றத்தின் மேலே, டீச்சர் வீட்டு மதிலை ஒட்டி நின்றேன்.

பாதி ஏற்றத்தில் வண்டி நின்றது. கைபிரேக் பிடித்தது. பிறகு மெல்ல மேலே ஏறி, சமதரைக்கு வந்து, என்னை நோக்கி வந்தது. இனி நிறுத்த வேண்டும் என்று தோன்றியது எனக்கு.

"சவுட்டு மக்கா, சவுட்டு!" என்று கத்தினேன்.

உன் லாரியில் பக்கத்தில் இருந்து வளைவுக்கு வளைவு இப்படித்தானே கத்துவேன்? நம் ஊரில் சவுட்டு, மிதி என்றால் பிரேக்தானே? ஆனால் அப்போது அவள் கால் இருந்தது ஆக்சிலேட்டரில். காலுக்கடியில் இருந்ததைப் பிள்ளை சவுட்டிவிட்டாள்.

வண்டி உறுமிக்கொண்டு பாய்ந்தது. எனக்குப் பின்னால் மதில். கால் நகரவில்லை. கண்ணாடிக்குள் அவள் கண்கள் மட்டும் தெரிந்தன, செல்லப்பா. ராஜன் இரண்டு கையாலும் கைபிரேக்கை இழுத்தான். டயர் தேய்ந்து, வண்டி குலுங்கி அணைந்தது. நம்பர் பிளேட்டுக்கும் என் முட்டுக்கும் நடுவே ஒரு கை நுழையாது.

"மாமா, சவுட்டுண்ணா எதச் சவுட்ட? அங்க மூணு கிடக்கு!" ராஜன் என்மேல் பாய்ந்தான்.

சுஜா இறங்கிச் சாவியை வீசிவிட்டாள். "பெரியப்பாவைக் கொல்லப் பாத்தேனே. எனக்கு வண்டியும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்."

எனக்குச் சரசு படுத்துக் கிடப்பதுதான் நினைவுக்கு வந்தது. அதைச் சொல்லி இந்தப் பிள்ளையை ஓட்டவைக்கலாமா? மனம் வரவில்லை. சாவியைத் தேடி எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு, பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.

"பேடியில்லியா பெரியப்பா?"

"உண்டு மக்கா. நல்லா உண்டு. ஆனா வண்டி நிண்ணுச்சே. ஓடுத வண்டி எங்கயும் கெடைக்கும். நிக்குத வண்டியாக்கும் நமக்கு வேண்டியது."

முகத்தைத் துடைத்துவிட்டு ஓட்டும் சீட்டில் ஏறினாள்.

"வாயத் தொறக்கப்பிடாது."

"தொறக்கல்ல."

மறுபடியும் அதே ஏற்றம். நான் தோள் துண்டை, நம் தோர்த்தை, பல்லில் கடித்துக்கொண்டேன். நடுவில் வண்டி ஒருமுறை பின்னால் நழுவியது. ராஜனின் கை பிரேக்குக்குப் போனது. அதற்குள் அவளே பிடித்துவிட்டாள். அவளே எடுத்தாள். மேலே வந்து மதிலுக்குத் தள்ளியே நிறுத்திவிட்டு, திரும்பாமல் கேட்டாள்: "இருக்கேளா பெரியப்பா?"

வண்டியைப் பேசி முடித்துவிட்டோம், தம்பி.

சரசுவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது உன் மகள்தான். லைசென்ஸ் கைக்கு வருகிறவரை பக்கத்தில் ராஜன் இருப்பான். பின்சீட்டில் சரசுவின் காலை மடியில் ஏந்தி நான் இருப்பேன். அவள் எழுந்து நடந்து, உன்னைப் புதைத்த இடத்தில் தன் கையால் விளக்கு வைப்பாள். அதுவரை ஒரு வாரம்கூட நடை பழகப் போகாமல் இருக்க விடமாட்டேன். இது என் வாக்கு.

உனக்கு முன்னால் பிறந்து,
உனக்குப் பின்னும் இருக்கிற அண்ணன்,
பொன்னையன்