மூன்று முறை குதித்தோம்

மே 18, ஞாயிறு

கண்ணை மூடினால் அந்த ஓட்டைதான் தெரிகிறது.

தாஹோ ஏரிப் பக்கம் மலையேறப் போயிருந்தோம், நானும் ரகுவும் குட்டி மீராவும். வீடு இருக்கும் லிவர்மோரில் ஏசி போட ஆரம்பித்துவிட்டோம், அங்கே பாதையெல்லாம் இன்னும் பனி. ஓரிடத்தில் வெள்ளை வெளேரென்று சமமாகக் கிடந்தது. "இங்க ஒரு ஜம்ப் ஷாட் எடுக்கலாம் வா" என்று ரகு போனைப் பாறையில் சாய்த்து டைமர் வைத்தான். கைகோத்துக் குதித்தோம். முதல் படத்தில் மீரா கண்ணை மூடியிருந்தாள். இரண்டாவதில் என் கால் எழும்பவே இல்லை. அதனால் மூன்றாவது முறை நன்றாக எம்பிக் குதித்தோம். உச்சியில் சிக்னல் கிடைத்ததும் அந்தப் படத்தை அம்மாவுக்கு அனுப்பினேன்.

ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பினால், அதே இடத்தில் பனி இடிந்து உள்ளே விழுந்திருந்தது. அடியில், ஓர் ஆள் ஆழத்துக்கும் கீழே, ஓடை கறுப்பாகப் பாய்ந்துகொண்டிருந்தது. நாங்கள் குதித்தது தரைமேலேயே இல்லை.

"அப்பா, வி ஜம்ப்டு ஆன் தட்?" என்றாள் மீரா. ரகு அவள் கையைப் பிடித்து அங்கிருந்து விலக்கிக் கூட்டிப்போனான். காரில் ஏறிய பிறகு என்னிடம், "ஊர்ல யார்கிட்டயும் சொல்லிடாத" என்றான்.

இப்போதுதான் ஈரோட்டிலிருந்து அம்மா கூப்பிட்டாள். "மாப்பிள்ளைகூட எப்படிச் சிரிக்கறாரு பாரு கண்ணு! அதையே டிபியா வெச்சுட்டேன்."

இனி அவள் தினமும் 'சாப்டியா' என்று கேட்கும்போதெல்லாம், அந்தச் சின்ன வட்டத்துக்குள் நாங்கள் மூவரும் கைகோத்தபடி காற்றில் இருப்போம், அந்தப் பனிமேல் திரும்பக் கால் வைப்பதற்கு முன்.