நர்சரிப் பள்ளியின் மண் சுவர்

14 ஜூன் 2005, செவ்வாய்

காலையில் தூறல். லண்டன், டூட்டிங்கில் கட்டட சைட். நர்சரிப் பள்ளிக்கு மண் சுவர். பலகைகளுக்கு நடுவே ஈரமண்ணைக் கொட்டி இடித்து இறுக்குவது. புது முறை என்கிறார் மானேஜர்.

பலகை கழற்றினோம். ஒரு மூலை சரிந்து விழுந்தது. கலவை என் பொறுப்பு. மானேஜர் கத்தவில்லை. வெள்ளிக்கிழமையும் விழுந்தால் செங்கல் சுவர்தான், உங்கள் குழு வேண்டியிராது என்று மட்டும் சொன்னார்.

சைட்டைத் துப்புரவு செய்யும் அசிபி, கானா நாட்டின் வடக்குப் பக்கத்துக்காரி, விழுந்த மண்ணைப் பிசைந்து பார்த்தாள். தண்ணீர் கூடிவிட்டது, மண் குவியலை ஏன் மூடவில்லை என்று கேட்டாள். ஜெர்மனியில் பன்னிரண்டு வருடம் கொங்கிரீட் வேலை செய்தவன் நான், உன் வேலையைப் பார் என்றேன். எல்லோருக்கும் கேட்டது.

கிங்ஸ்பரி வீட்டுக்கு வர ஆறரை. பால் வாங்க மறந்துபோனேன். மனைவி சுகந்தியிடம் நடந்ததைச் சொன்னேன்.

"அவ சொன்னது சரியெண்டால் என்ன செய்வியள்?" வெங்காயம் உரித்தபடி கேட்டாள்.

பால் வாங்கக் கடைக்குப் போனேன்.

15 ஜூன், புதன்

வெயில். எஞ்சினியர் சோதனை முறை எழுதிய ஒரு தாளோடு வந்தார். மண்ணை உருண்டை பிடித்து, நெஞ்சு உயரத்திலிருந்து போட்டார். உருண்டை உடையவே இல்லை. நாலைந்து துண்டாக வேண்டுமாம். தூளானால் தண்ணீர் போதாது, உடையாவிட்டால் தண்ணீர் கூடிவிட்டது.

தேநீர் நேரம் அசிபியிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். இங்கிலீஷ் தடுமாறியது. தரையைத் துடைத்து முடித்துவிட்டுத்தான் வந்தாள். உருண்டை பிடித்தாள், போட்டாள். அதே சோதனை. அந்தத் தாளை அவள் கண்டதே இல்லை. ஊரில் சகோதரிகளோடு தன் மண் வீட்டைத் தானே கட்டியவளாம். தடித்த சுவர் பகல் சூட்டைப் பிடித்துவைத்து இரவில் விடும் என்றாள். பிளானின் ஓரக் குறிப்பிலும் அதேதான்.

குவியலுக்குத் தார்ப்பாய். குழாய் வேண்டாம், தண்ணீரைக் கையால் தெளித்தோம். மூன்றாவது உருண்டை சரியாக உடைந்தது. மூலையைத் திரும்ப இடித்தோம். தோள் வலி.

17 ஜூன், வெள்ளி

மேகம். பலகை கழற்றினோம்.

நின்றது. மூலை கத்தி விளிம்பு மாதிரி.

மானேஜர் என் தோளில் தட்டினார். ஒரு கணம் அதை வாங்கிக்கொண்டேன். பிறகு, கலவை அசிபியுடையது என்றேன். கழிப்பறை கழுவிக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டு, திங்கள் முதல் சுவர் வேலைக்கு வருகிறாயா என்று கேட்டார்.

உடனே சம்மதிக்கவில்லை. பதிவேட்டில் என்னை என்னவென்று எழுதுவீர்கள் என்று கேட்டாள்.

உதவியாள் என்றார்.

"மேசன் என்று எழுதுங்கள்."

மானேஜர் என்னைப் பார்த்தார். எழுதுங்கள் என்றேன். எழுதினார்.