வலப்பக்கம், கீழே

என் கண்ணு மலருக்கு,

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவது உன் ஆபீஸ் சிநேகிதி திவ்யா. நடுநடுவே மூக்கை உறிஞ்சுகிறாள். "எய்தும்மா, அழுவறத அப்பால பாத்துக்கலாம்" என்றேன்.

தாம்பரம் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுவதை விட்டுவிட்டேன். சர்க்கரைதான் என்னை விடவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தனியாகவே போகிறேன். எப்படி என்கிறாயா? எல்லாம் நீ சரிசெய்த அந்தப் போன் ஆப்பால்தான்.

முன்பு அது எப்படி இருந்தது, நினைவிருக்கிறதா? டோக்கன் பகுதியை ஒரு குழு செய்தது, ரத்தப் பரிசோதனையை வேறொரு குழு. ஒரே ஆப்புக்குள் ஆளுக்கொரு தினுசாகத் திரை. டோக்கனில் 'சரி' வலப்பக்கம் என்று நீ காட்டியிருந்தாய். பரிசோதனையில் அதே இடத்தில் 'வேண்டாம்' இருந்திருக்கிறது. இடத்தை நம்பி அமுக்கிவிட்டு, வெறும் வயிற்றோடு மத்தியானம் வரை காத்திருந்தேன். கடைசியில் கவுன்டர்காரர் சொன்னார்: "பெர்சு, நீயே கேன்சல் பண்ட்டு இன்னாத்துக்கு இங்க குந்திகினு கீற?"

வீட்டுக்கு வந்து, "எய்த்து தெர்யாதவன் நானு, என் தப்புதாம்மா" என்றேன்.

உனக்கு வந்ததே கோபம்! "உன் தப்பு இல்லப்பா, எங்க தப்பு. வேற ஆட்டோவுல ஏறுனா பிரேக் எங்கன்னு தேடுவியா?"

அப்புறம் ஒவ்வொரு குழுவோடும் மல்லுக்கு நின்றாயாமே. உள்ளே யார் எதை வைத்தாலும், ஜன்னல் மாதிரி வெளிச்சட்டம் ஒன்றுதான் என்றாயாம். 'சரி' வலப்பக்கம் கீழே, 'வேண்டாம்' இடப்பக்கம். முதுகுக்குப் பின்னால் உன்னை 'ஜன்னல் மாமியார்' என்பார்களாம். திவ்யா சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தேன்.

நீ கண்ணை மூடிய பிறகு, அந்தச் சட்டத்தை மாற்றிவிடலாம் என்று பேச்சு வந்ததாம். திவ்யா விடவில்லை. போன வாரம் போனோடு வந்தாள். கண் பரிசோதனைக்குப் புதுப் பகுதி; நீ பார்த்தேயிராத பிள்ளைகள் செய்தது.

"படிச்சுச் சொல்லட்டுமா அங்கிள்?"

"வேணாம், குடு."

நீ இல்லாதபோதும் நீ வைத்த இடம் அங்கே இருக்குமா? கட்டைவிரல் தானாகப் போனது. வலப்பக்கம், கீழே. டிங் என்றது போன். டோக்கன் விழுந்துவிட்டது.

'இதுல இன்னா போட்டுகீது, பாருப்பா' என்று யாரிடமும் போனை நீட்டாமல் இருக்கிறேன் மலரு. அது நீ கொடுத்தது.

இனி அந்த ஆப்பில் எது புதிதாகச் சேர்ந்தாலும், முதலில் என்னிடம் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். இடம் மாறியிருந்தால், நீ போட்ட சண்டையை நான் போடுவேன்.

நீ வைத்த இடத்தில் விரல் வைக்கும்
உன் அப்பா