ஐந்து விருந்தாளிப் பனி

அன்பு மகள் சந்துகாஷுக்கு அப்பா ஆசியோடு எழுதுவது. கொரியாவில், பூசானில் நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்களா? நான் வழக்கம்போல் முழங்காலைத் திட்டிக்கொண்டு நடமாடுகிறேன். உன் அம்மாவுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, நினைவுதான் நாளுக்கு நாள் கரைகிறது. போனில் பேசும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். அடுத்த வருஷம் லீவு கிடைத்ததும் வருகிறேன் என்று நீ சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. அப்போது உன்னை யாரென்று அவளுக்குத் தெரியுமா என்பதுதான் கவலை, வேறொன்றுமில்லை.

போன ஞாயிறு காலை கதவைத் திறந்தால் முற்றம் முழுக்கப் பனி. ஏப்ரல் பாதி தாண்டிவிட்டது, ஆப்பிள் மரங்கள் பூத்து நிற்கின்றன, வருஷாவருஷம் ஏப்ரலில் பனியாக வரும் அந்த ஐந்து விருந்தாளி இந்த வருஷம் வரவே மாட்டார்கள் என்று தெருவெல்லாம் சவடால் அடித்திருந்தேன், முகத்தில் கரி பூசிவிட்டார்கள். பூவெல்லாம் போச்சு, ஆப்பிளை மறந்துவிட வேண்டியதுதான். அம்மா ஜன்னலோரம் வந்து நின்று, அஞ்சு பேரும் வந்துட்டாங்க, கதவத் தாழ் போடாத கிழவா, அன்னைக்கு யாராவது திறந்திருந்தா அவங்க தெருவுல விறைச்சுச் செத்திருக்க மாட்டாங்க என்றாள். நீ சின்னப் பெண்ணாக இருக்கும்போது இந்தப் பனி விழுந்தால் அந்த ஐந்து வழிப்போக்கர் கதையை உன்னிடம் சொல்வாளே, அதே வார்த்தைகள், ஒன்றுகூடத் தப்பவில்லை. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. பஸ் ஓடவில்லை, எங்கும் போக வேண்டியதில்லை. அவள் மாவு பிசைந்து பவுர்சாக் பொரித்தாள், உப்புகூடச் சரியாக இருந்தது. நான் அடுப்புப் பக்கம் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, சுடச்சுட ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டு, பொரிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு ஞாயிறு வந்து வெகுகாலமாகிறது.

மதியம் கிளை முறிந்துவிடப் போகிறதே என்று பனியை உதறிவிடப் போனேன். போயிருக்கக் கூடாது. தொப்பி, மீசை, தோல்கோட்டு எல்லாம் வெள்ளையாக வாசலுக்கு வந்தால், அம்மா ஓடி வந்து, வாங்க வாங்க, குளிர்ல நிக்காதீங்க, வீட்டுக்காரர் தோட்டத்துல இருக்காரு, இப்ப வந்துடுவாரு என்கிறாள். கேலி செய்கிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கோட்டை வாங்கி மாட்டி, வாசலுக்கு எதிரே விருந்தாளியை உட்காரவைக்கும் மெத்தையில் என்னை உட்காரவைத்தாள். நமக்கென்றால் கிண்ணம் வழிய ஊற்றிக் குடித்துத் தொலை என்பவள், அன்று தேநீரைக் கால் கிண்ணம் கால் கிண்ணமாக, விருந்தாளி திரும்பத் திரும்பக் கேட்டுக் குடிக்கட்டும் என்று மரியாதையாக ஊற்றினாள். நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன், அவள் முகத்தில் இருந்த நிறைவைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டேன்.

குழந்தைங்க இருக்காங்களா என்று கேட்டாள். ஒரே பொண்ணு, ரொம்ப தூரத்துல இருக்கா என்றேன். எனக்கும் ஒரு பொண்ணுதான், பேரு சந்துகாஷ் என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, தினம் காலையில எந்திரிச்சதும் அந்தப் பேரைச் சொல்லிப் பாக்குறேன், ஒருநாள் வராமப் போயிடுமோன்னு பயமா இருக்கு, என் வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடாதீங்க, கத்துவாரே தவிர அந்த மனுசன் இதத் தாங்க மாட்டாரு என்றாள். அவளுக்குத் தன் நிலைமை எதுவும் தெரியாது என்று இத்தனை நாளாக நான் உன்னிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லாம் தெரிந்திருக்கிறது அம்மாடி, எனக்காக மறைத்திருக்கிறாள்.

விருந்தாளி எழுந்துதானே ஆக வேண்டும். புறப்பட்டேன். வெறுங்கையோடு விடுவாளா, பவுர்சாக்கும் இரண்டு துண்டு இறைச்சியும் துணியில் முடிந்து, இது விருந்துப் பங்கு, சர்க்கிட், வீட்டுக்குக் கொண்டு போங்க, உங்க பொண்ணு வந்தா குடுங்க என்று கையில் வைத்தாள். வெளியே போய், கொட்டகைப் பக்கம் நின்று அழுதுவிட்டு, பனியைத் தட்டிக்கொண்டு பின்கதவால் வந்தேன். எங்க போய்த் தொலைஞ்ச கிழவா, தங்கமான மனுசன் ஒருத்தர் வந்துட்டுப் போனாரு, உனக்குக் குடுத்து வைக்கல என்று ஒரு மூச்சுத் திட்டினாள்.

அந்த முடிச்சை ஐஸ்பெட்டியில் வைத்திருக்கிறேன், உனக்கென்று கொடுத்ததை நான் எப்படித் தின்பது. லீவு கிடைக்காது, முதலாளி விடமாட்டான் என்று என்னிடம் சொல்லாதே. அடுத்த வருஷம் வேண்டாம், இந்த மாதமே வா. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். குளிரில் தலையை மூடிக்கொண்டு போ, சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. உங்கள் பாதை வெளிச்சமாக இருக்கட்டும், வயிறு குளிர வாழுங்கள். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. வாசலில் வந்து நின்றதும், அம்மா நான் சந்துகாஷ் என்று நீ முந்திக்கொண்டு சொல்லிவிடக் கூடாது. எவ்வளவு நேரமானாலும் பேசாமல் நில். அவள் சொல்லட்டும்.

உன் வரவுக்குக் காத்திருக்கும் அப்பா,
ஒரின்பெக்