பிரஷாந்தினி போட்ட மெட்டு

முரசுமோட்டை,
வியாழக்கிழமை.

பிரஷாந்தினியின் அப்பாவுக்கு,

ஜெயரூபி அன்போடு எழுதுவது. நானும் பிள்ளையும் சுகமாக இருக்கிறோம். அந்த வெயிலில் நீங்களும் சுகமாக இருக்கப் பிள்ளையாரை வேண்டுகிறேன். கையில் போன் இருக்க இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பீர்கள். போனில் கதைக்க முடியாத கதை இது. உங்கள் கம்பனியில் இருந்து லீவில் வந்த நிருஷன் நாளை மறுநாள் கட்டாருக்குத் திரும்புகிறார். மிளகாய்த்தூள் பொதிக்குள் வைத்து அனுப்புகிறேன். வாசித்ததும் கிழித்துப் போடுங்கள்.

சிறுபோகம் வெட்டி முடிந்தது. குளத்துத் தண்ணீர் கடைசிவரை வந்தபடியால் நெல் மோசமில்லை. சிவப்பிப் பசு நாம்பன் கன்று போட்டிருக்கிறது. அதன் கத்தலில் அயலுக்கே நித்திரை இல்லை. இனி விசயத்துக்கு வருகிறேன்.

பள்ளிக்கூடத்தில் புதுக் கட்டடம் திறக்கப் போகிறார்கள். அதோடு பாடசாலைக் கீதமும் புதிதாக வேண்டுமாம். தமிழ் ஆசிரியர் பாட்டை எழுதினார். உயர்தரத்தில் சங்கீதம் படிக்கிற பிள்ளைகள் எல்லோரையும் அதற்கு மெட்டுப் போட்டு வரச் சொன்னார் சுதர்சினி ரீச்சர். நம் பிள்ளையின் மெட்டுத்தான் எடுபட்டது. மோகனத்தில் தொடங்கி, அந்த இராகத்தில் வராத ஒரு நிஷாத சுரத்தைக் கொண்டுவந்து வைத்திருக்கிறாளாம். படிப்பிக்காமலே இது எப்படி வந்தது என்று ரீச்சருக்கு ஒரே சந்தோசம், புளுகம். அழைப்பிதழில் 'இசை' என்று போட்டு, உங்கள் முதலெழுத்தோடு அவளுடைய பெயரை அடிக்கப் போகிறார்கள். பிள்ளைக்குக் கால் நிலத்தில் படவில்லை. ஒத்திகைக்கு வந்து கேளுங்கோ என்று சொல்லி எனக்கு மட்டும் பாடிக் காட்டாமல் ஒளித்து வைத்தாள்.

போன கிழமை புதன்கிழமை பெற்றோரைக் கூப்பிட்டுப் பாடிக் காட்டினார்கள். முதல் வரி நன்றாகத்தான் போனது. இரண்டாம் வரியில் அந்த நிஷாதம் வந்ததும் எனக்கு மெட்டு எதுவென்று தெரிந்துவிட்டது. இயக்கம் இருந்த காலத்தில் ஒழுங்கை ஒழுங்கையாக ஒலிபெருக்கியில் போன போராட்டப் பாட்டு அது. சொல்தான் வேறு, மெட்டு அதேதான். பந்தல் போட வந்த ஏரம்பு அண்ணை பிடித்த கயிற்றோடு அப்படியே நின்றார். பின்வரிசை வாங்குகளில் இருந்த ஆண்கள் நிலத்தைப் பார்த்தார்கள். உப அதிபர் எழும்பி வெளியே போனார். ரீச்சர் கொழும்பில் வளர்ந்த சின்னப் பெட்டை, அவருக்கு என்ன தெரியும். பாட்டு முடிய என் கையைப் பிடித்து, "பாத்தீங்களா அம்மா, சனம் அப்பிடியே உருகிப் போச்சு" என்றார். நானும் ஓம் என்று தலையாட்டினேன். வேறென்ன செய்ய?

திறப்பு விழாவுக்கு ஆமி முகாமிலிருந்தும் பெரியவர்கள் வருவார்கள். உங்களை விசாரித்து வந்துகொண்டிருந்தவர்கள் ஒரு வருடமாகத்தான் நம் படலையைத் தட்டாமல் இருக்கிறார்கள். தையில் நீங்கள் லீவில் வர இருக்கிறீர்கள். இயக்கத்தில் இருந்து, தடுப்பில் புனர்வாழ்வு முடித்து வந்தவரின் மகள் இந்த மெட்டைப் போட்டாள் என்று அச்சிலே கிடந்தால் என்ன நடக்கும்?

வீட்டுக்கு வந்ததும் மெட்டை மாற்று என்றேன். ஏன் என்றாள். வடிவில்லை என்றேன். அவளுடைய முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை. பிறகு, "அப்பாவுக்குப் பாடி அனுப்பினனான். அச்சாவா இருக்கு மகள், ஒரு இடமும் மாத்தாதேங்கோ எண்டவர்" என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு நீங்கள் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். நான் அந்தப் பாட்டை வாயில் எடுத்து எத்தனையோ வருடம். அவளைச் சைக்கிள் பாரில் வைத்து நேசறிப் பள்ளிக்குக் கொண்டுபோகும்போது சொல் இல்லாமல் விசிலடித்துக்கொண்டு போனது நீங்கள்தானே? நாலு வயதில் காதில் விழுந்ததைத் தன்னுடையது என்றே பிள்ளை நினைத்துவிட்டாள். மாற்றாதே என்று நீங்கள் சொன்னது மறந்தா, மறக்காமலா என்று கேட்க எனக்குப் பயமாக இருக்கிறது. நான் கேட்கவில்லை.

இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை, ஒழுங்காகச் சாப்பிடவுமில்லை. வெள்ளிக்கிழமை குசினியில் றேடியோச் சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பயப்படுவாள் என்று நினைத்தேன். பயப்படவில்லை. அடுப்பில் விறகைத் தள்ளி வைத்துவிட்டு, "அப்ப அது என்ர இல்லையோ அம்மா?" என்று கேட்டாள். எனக்கு அழுகைதான் வந்தது.

திங்கட்கிழமை போய், வேறு மெட்டுப் போடப் போகிறேன் என்று ரீச்சரிடம் சொல்லியிருக்கிறாள். விசரா உனக்கு என்று ரீச்சர் ஏசினாராம். உப அதிபர்தான் ஒருவரின் முகத்தையும் பார்க்காமல், "பிள்ளைக்கு விருப்பமெண்டா மாத்தட்டும்" என்று இரண்டு கிழமை தவணை கொடுத்திருக்கிறார். அதற்குள் புதியது வராவிட்டால் பழையதுதான்.

புதியது வருகிறபாடாக இல்லை. சுருதிப் பெட்டியைப் போட்டுக்கொண்டு இருப்பாள். ஒரு வரி பாடுவாள். உடனே என்னைத் திரும்பிப் பார்த்து, "இது ஆற்ர மெட்டு?" என்பாள். நான் கேட்டதில்லை என்று சொன்னால், "நீங்கள் மறந்திருப்பீங்கள்" என்று அதை விட்டுவிடுவாள். பாடிக்கொண்டே பாயைச் சுருட்டுகிற பிள்ளை, இப்போது முற்றம் கூட்டும்போதும் வாயை இறுக்கிக்கொண்டு கூட்டுகிறாள். யாழ்ப்பாணம் போய்ச் சங்கீதம் படிக்கிற கதையையும் காணவில்லை. படலையைத் தட்டுகிறவர்களுக்கு நான் பதில் சொல்லிப் பழகிவிட்டேன். இதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை.

நேற்றுப் பின்னேரம் இரண்டு வரி போட்டாள். என் காதுக்கு அது முழுக்கப் புதிது. ஆனால் நான் சொல்லி அவளுக்குக் காணாது. அப்பாவுக்குத்தான் எல்லாப் பாட்டும் தெரியும், அவர் சொல்லட்டும் என்கிறாள். முடிந்ததும் உங்களுக்கு அனுப்புவாள்.

உங்களோடு சண்டை பிடிக்க இதை எழுதவில்லை. வேலை முடிந்து வந்து ஆறுதலாக இருந்து கேளுங்கள். அந்தக் காலத்துப் பாட்டு எதுவும் எட்டிப் பார்த்தால், மிளகாய்த்தூள் உறைப்புக் கூடிப்போச்சு என்று போனில் என்னிடம் சொல்லுங்கள். விளங்கிக்கொள்வேன். அந்த இடத்தை எப்படியாவது நான் மாற்ற வைக்கிறேன்.

அவளுக்கு மட்டும், இதை நான் ஒருநாளும் கேட்டதில்லை மகள் என்று சொல்லுங்கள். கேட்டிருந்தாலும் அப்படியே சொல்லுங்கள்.

தையில் நல்லபடி வீடு வந்து சேர அந்தப் பிள்ளையார் துணையிருப்பார்.

இப்படிக்கு,
உங்கள் ஜெயரூபி