நீ யாரையாவது அடித்திருக்கிறாயா, அண்ணே?

என் பிரியமுள்ள அண்ணே,

நீ போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. இத்தனை நாளும் உன் படத்துக்குப் பூ வைக்கும்போது மனசுக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தேன். இப்போது எழுதத் தோன்றுகிறது. ஊரே படித்தாலும் பரவாயில்லை. உன்னிடம் கேட்க ஒரு கேள்வி வந்திருக்கிறது. நீ போலீஸ் காக்கி போட்டுக்கொண்டு வேலைக்குப் போன வருஷங்களில் ஒருமுறைகூட நான் அதைக் கேட்டதில்லை. ஏன் கேட்கவில்லை என்பதே எனக்கு ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

இந்த மலையாள ஊரில் நம் பழவங்காடிப் பூக்கடையை இப்போதும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். தோவாளையிலிருந்து பூ வருவதும் பிள்ளையாருக்கு மாலை போவதும் அப்படியேதான். முன்பெல்லாம் கத்திக்குத்து என்றால் பேப்பரில் படித்துவிட்டு மடித்து வைப்போம். இப்போது எந்த ஜங்ஷன், நமக்குத் தெரிந்த ஆளா என்று கேட்கிறோம். விளக்கு வைத்த கையோடு பாதிக் கடைகள் ஷட்டரை இறக்கிவிடுகின்றன.

போன மழைக்காலத்தில் ஒரு மத்தியானம், பைக்கில் வந்த இரண்டு பேர் எதிரே இருக்கும் மொபைல் கடைக்காரரை வயிற்றில் குத்திவிட்டுப் போனார்கள். நான் பார்த்தேன். பின்னால் உட்கார்ந்திருந்தவன் ஹெல்மெட் போடவில்லை. அவன் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. மொபைல் கடைக்காரர் எப்படியோ பிழைத்துக்கொண்டார்.

அந்த நேரம் என் கடை முன்னால் மல்லிகை வாங்கிக்கொண்டு நின்றவன் இசக்கி. தென்காசிப் பக்கத்து ஆள், தம்பானூரில் ஒரு ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர். ஊரிலிருந்து அன்றைக்குத்தான் வந்திருந்த மனைவிக்காகப் பூ வாங்க வந்தவன். ஜீப் வந்ததும் கூட்டம் சிதறியது. இசக்கியும் ஓடினான். அவனைத் துரத்திப் பிடித்து ஏற்றிக்கொண்டு போனார்கள். நீ ஏன் ஓடினாய் என்று பிறகு கேட்டேன். “ஜீப்பைப் பாத்தா ஓடுன்னுதான் கால் சொல்லுது, அக்கா” என்றான்.

போலீஸ்காரர்கள் ரத்தம் கிடந்த இடத்தைப் போட்டோ எடுத்தார்கள், அறுந்து கிடந்த செருப்பை எடுத்துப் பையில் போட்டார்கள். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நான் எதிரேயே நிற்கிறேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது ஏன் அண்ணே? உங்கள் வேலையில் இதற்கு ஏதாவது காரணம் உண்டா?

மறுநாள் காலையில் இசக்கியின் மனைவி மாரி விசாரித்துக்கொண்டு கடைக்கு வந்தாள். உங்க அண்ணன் போலீஸாமே என்றாள். நீ இப்போது உயிரோடு இல்லை என்று சொல்லி, நானே அவளோடு ஸ்டேஷனுக்குப் போனேன். உன்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த ராஜன் ஏட்டு உள்ளே இருந்தார். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். குத்து நடந்தபோது இசக்கி என் முன்னால் நின்றான் என்று எஸ்.ஐ.யிடம் சொன்னேன். நேற்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

“யாரும் கேக்கலையே, சாரே” என்றேன்.

சாயங்காலம் விட்டுவிட்டார்கள். இசக்கியால் பாதத்தைத் தரையில் ஊன்ற முடியவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டதற்குக் குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னான். வழுக்கி விழுந்தவனுக்கு உள்ளங்காலில் எப்படி அடிபடும்? அந்த அம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு அவன் காலையே பார்த்தார். இசக்கி என்னைப் பார்த்தான். அப்புறம்தான் உண்மையைச் சொன்னான். பரோட்டாக் கல் முன்னால் நாள் முழுக்க நிற்கவேண்டிய கால் அண்ணே அது.

இதில் இன்னொன்று கேள். இசக்கி ஸ்டேஷனில் இருந்த அந்த முதல் நாள் சாயங்காலமே, குத்தின அதே இரண்டு பேர் தம்பானூரில் ஓர் ஆட்டோக்காரரின் கையை வெட்டியிருக்கிறார்கள். பிறகு ஒரு ஜவுளிக்கடை கேமராவில் வண்டி நம்பர் கிடைத்து, மலைப்பக்கம் விதுராவில் சொந்தக்காரர் வீட்டில் ஒளிந்திருந்தவர்களைப் பிடித்தார்கள். அவர்களைப் பிடிக்கக் காட்டின் ஓரம் வரைக்கும் துரத்திப் போய்ப் பல்லை உடைத்துக்கொண்ட ஒரு கான்ஸ்டபிளும் அதே ஸ்டேஷன்தான். அவரை நான் மறக்கக் கூடாது என்று நினைத்துக்கொள்கிறேன்.

போலீஸ்காரர்கள் மேல் வரும் புகாரை விசாரிக்கிற ஆணையத்துக்கு இசக்கி மனு கொடுத்தான். சாட்சி நான். வியாபாரிகள் கூட்டத்தில் எல்லோருக்கும் என்மேல் வருத்தம். அடிக்கப் பயப்படுகிற போலீஸால்தான் ரவுடிகளுக்குத் துளிர்விட்டுப்போகிறது என்றார்கள். பாத்திரக் கடைத் தங்கப்பன் சேட்டன், நாளைக்கு உங்கள் கடையில் கத்தி நீட்டினால் யாரைக் கூப்பிடுவீர்கள் சேச்சி என்று கேட்டார். போலீஸைத்தான் கூப்பிடுவேன் என்றேன். பிறகு நானும் ஒன்று கேட்டேன்.

“இசக்கிய அடிச்சிட்டிருந்த நேரத்துல, கத்தி வச்சிருந்தவன் எங்க இருந்தான்?”

அது வேறு விஷயம் என்றார்கள். எப்படி வேறு விஷயம் என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

விசாரணைக்குச் சில நாள் முன்னால் ராஜன் ஏட்டு கடைக்கு வந்தார். ஒரு முழம் பிச்சி வாங்கினார், போகவில்லை. “கலே, இது வேண்டா கேட்டோ. நீ ஆறுமுகத்தோட தங்கச்சியாக்கும்” என்று தன் மலையாளத் தமிழில், சாட்சி சொல்லப் போகவேண்டாம் என்றார். வந்த கோபத்தை அடக்கிக்கொண்டேன். உன்னைப் பற்றிச் சொல்ல இந்த ஊரில் அவரை விட்டால் யார் இருக்கிறார்கள்? கேட்டுவிட்டேன்.

“அண்ணன் யாரையாவது அடிச்சிருக்கா?”

பூவைப் பையில் வைத்துக்கொண்டே சொன்னார்.

“அடிச்சதில்ல. அடி தொடங்கினா எழுந்து வெளிய போயிடுவான்.”

கேட்டதும் நெஞ்சு லேசானது. அவர் சொன்னதில் முதல் பாதியை மட்டும் சாப்பாட்டு நேரம் வரைக்கும் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். அப்புறம்தான் மீதிப் பாதி வந்து உட்கார்ந்தது. வெளியே போய் என்ன செய்தாய் அண்ணே? சத்தம் அங்கேயும் கேட்குமா? எப்போது திரும்பி உள்ளே போகலாம் என்று உனக்கு எப்படித் தெரியும்? வீட்டுக்கு வந்து எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்ட எத்தனையோ நாட்களில் அது எந்த நாள்?

விசாரணை அன்று இசக்கி ஊன்றுகோலோடு வந்தான். பார்த்ததைச் சொன்னேன். மடக்கி மடக்கிக் கேட்டார்கள், மாறாமல் சொன்னேன். அடித்தவர்கள் அப்படி எதுவும் நடக்கவில்லை என்றார்கள். உள்ளே நடந்ததற்கு இசக்கியின் வாயைத் தவிர வேறு சாட்சி இல்லை.

அப்போது ராஜன் ஏட்டு யூனிஃபார்மோடு உள்ளே வந்தார். யாரும் கூப்பிடவில்லை. அன்று தானும் ஸ்டேஷனில் இருந்ததாகவும், எழுந்து வாசலுக்குப் போனதாகவும், அங்கே நின்று கேட்டது என்னென்ன என்றும் சொன்னார். யார் குரல், யார் பேர் எல்லாம் சொன்னார். இரண்டு பேரைச் சஸ்பெண்ட் செய்திருக்கிறார்கள். கேஸ் நடக்கிறது. ராஜன் ஏட்டோடு ஸ்டேஷனில் பாதிப் பேர் பேசுவதில்லையாம். இசக்கி இப்போது ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மாவு உருட்டுகிறான்.

வெளியே வந்ததும், என்னைத் தடுக்க வந்தவர் நீங்களே ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன்.

“எனக்கும் ஒரு மோள் உண்டு, கலே. நான் போனப்பறம் அவ யார்கிட்டப் போய்க் கேப்பா?”

உன்னைப் பற்றி நான் அவரிடம் கேட்டதுபோலத் தன் மகளும் ஒருநாள் கேட்பாள் என்கிறார்.

உன்மேல் கோபமா என்று கேட்பாய். தெரியவில்லை அண்ணே. உன்னை நல்லவன் என்று சொல்ல எனக்கு யாருடைய சாட்சியும் வேண்டாம். ஆனால் நீ வெளியே நின்ற நாட்களில் உள்ளே இருந்தவர்கள் யார், அவர்கள் இப்போது எங்கே, எப்படி நடக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. யாராவது ஒருவர் வந்து சொன்னால் போதும், உன் பேரைக் காப்பாற்றப் பார்க்காமல் உட்காரவைத்துக் கேட்பேன். கேஸ் முடியும்வரை இசக்கியோடு ஒவ்வொரு தடவையும் போவேன். கூப்பிட்டால், உள்ளே வரைக்கும்.

இத்தனை கேட்டும் உன்னை விட்டுக்கொடுக்காத,
உன் கூடப்பிறந்தவள்
கலா