வாத்துக் குஞ்சுகளுக்கான ஈடு

அலைகளை அடக்கியாளும் பவழத்தீவின் வேந்தர், முத்துத்துறைக் காவலர், பிற்பகல் துயிலில் நிகரற்றவர், பெருமான் பேரொளிவர்மர் திருமுன்புக்கு, வெண்குன்ற நாட்டுப் பேரமைச்சன் சேந்தன்காரி வணங்கி விடுக்கும் ஓலை. தங்கள் கொற்றக்குடையும் பஞ்சணையும் நீடு வாழ்க.

தங்கள் வணிகர் எங்கள் எயிலூர் ஏரிக்கரையில் சாயத்தொட்டிகள் அமைத்ததும், ஏரி நீலமாகி, அந்நீரைக் குடித்த கன்றுகள் மாண்டதும் தாங்கள் அறிந்தவையே. ஏரிக்காவல் தலைவி எயினங்கை, தன் சிவலைக் கன்றைப் புதைத்த கையோடு போய்த் தொட்டிகளுக்கு நீர் பாயும் மதகை அடைத்தாள். எம் மன்னரும் சாயத்தொழிலைத் தடை செய்தார். வணிகரோ, முதலிட்டவர் எதிர்பார்த்த ஆதாயத்தை எந்த ஆணை குறைத்தாலும் ஆணையிட்ட நாடே ஈடு செய்ய வேண்டும் என்னும் நம் உடன்படிக்கையைத் தூக்கிக்கொண்டு வழக்காட வந்தனர். நடுக்கடலில் கப்பலேறி அமர்ந்த நடுவர் மூவரும், வணிகரின் பேரப்பிள்ளைகள் காலம்வரை வரக்கூடிய ஆதாயத்தையும் எம் கருவூலமே தருக எனத் தீர்ப்பளித்தனர். செத்த கன்றுகளுக்கு யார் ஈடு தருவது என எயினங்கை கேட்டதற்கு, உடன்படிக்கையில் கன்றுகள் இல்லை என்றனர்.

ஊர் திரும்பியவள் பல நாள் அந்த உடன்படிக்கை ஓலையையே படித்துக்கொண்டிருந்தாள். பின்பு அடியேனிடம் வந்து, ஆதாயம் குறைந்தால் ஈடு என்னும் இந்தக் காப்பு அவர்களுக்கு மட்டுந்தானா, நம்மவர் அங்கே போய்க் கடை போட்டால் நமக்கும் உண்டா என்று வினவினாள். உண்டு என்றேன். கன்று செத்தபின் அவள் சிரித்தது அன்றுதான்.

வளையல்களை விற்றுத் தங்கள் அரண்மனைப் பின்மதிலை ஒட்டி அவள் வாத்துப்பண்ணை வைத்தாள். வாத்துகள் அவள் எண்ணியபடியே கத்தின. தாங்களும் அவள் எண்ணியபடியே நகரில் வாத்துகளைத் தடை செய்தீர்கள். அவள் அதே கப்பலேறினாள். சொன்ன சொல்லை விழுங்க வழியின்றி, முட்டைக்கும் குஞ்சுக்கும் குஞ்சின் குஞ்சுக்கும் ஈடு தர நடுவர் தீர்ப்பளித்தனர். வாத்துகள் சாகவே சாகாவா என ஒரு நடுவர் மெல்லக் கேட்டாராம். சாவு உடன்படிக்கையில் இல்லை என்றாளாம் அவள். ஈடு தீரும்வரை வாத்துகளை அகற்றலாகாது என்பதும் தீர்ப்பே.

ஆகவே இரு தீர்ப்புகளையும் ஒரே நெருப்பிலிட்டு, உடன்படிக்கையின் அந்த ஈட்டு விதியை நீக்கி, தொட்டிகளை இடித்து ஏரியைத் தூய்மை செய்து தருமாறு எம் மன்னர் பணிக்கிறார். அரக்கு முத்திரையிட்ட இவ்வோலையைக் கொணரும் எயினங்கையிடமே விடை தருக. அவளுக்கு அவசரமில்லை, வாத்துகள் பெருகிக்கொண்டிருக்கின்றன.